டயருக்குள் உறையும் பால்

தீபாவளிக்கு முந்திய ஒரு சனிக்கிழமை. பிரிக்பீல்ட்ஸ் துன் சம்பந்தன் சாலையில் துணிமணியும் பலகாரச் சாமான்களும் வாங்கிக்கொண்டு அம்மாவும் நானும் கிள்ளானுக்குத் திரும்பிக்கொண்டிருந்தோம். கூட்டரசு நெடுஞ்சாலையில் ஷா ஆலாமை நெருங்கும்போது காரின் முகப்பில் மஞ்சள் விளக்கு ஒன்று எரிந்தது. ஸ்டீயரிங் மெல்ல இடப்பக்கம் இழுத்தது. வேகத்தைக் குறைத்து, அடுத்து வந்த பெட்ரோல் நிலையத்திற்குள் நுழைந்து நிறுத்தினேன். முன்பக்க இடது டயரில் ஒரு திருகாணி ஏறியிருந்தது.

பின்பெட்டியின் விரிப்பைத் தூக்கிப் பார்த்தால் மாற்று டயர் இல்லை. அது இருக்க வேண்டிய இடத்தில் ஒரு குப்பி, கையடக்கமான ஒரு காற்றழுத்தி, '80' என்று எழுதிய ஓர் ஒட்டுவில்லை. கார் வாங்கிய நாளில் பார்த்தது. பிறகு மறந்தே போயிற்று.

குப்பியின் குழாயைப் பொருத்தும்போது வெள்ளையாகச் சில துளிகள் சிந்தின. அதைத் துடைத்த அம்மா விரலை மூக்கருகே கொண்டுபோனார்.

"என்னடா இது, கித்தாப்பால் வாடை அடிக்குது?"

அம்மா இளம் வயதில் கிள்ளானை அடுத்த ஒரு தோட்டத்தில் பால் வெட்டியவர். அவருடைய மூக்கு தவறவில்லை. இயற்கை ரப்பர் பால் கலந்தது என்று குப்பியின் மேலேயே எழுதியிருந்தது.

மாணவர்களே, இன்று புதிதாக விற்பனையாகும் பல கார்களில், குறிப்பாக மின்சாரக் கார்களில், மாற்று டயருக்குப் பதிலாக இத்தகைய அடைப்புத் திரவப் பெட்டிதான் வருகிறது. மாற்றுச் சக்கரம் என்றால் பத்து, பதினைந்து கிலோ எடை, இடத்தையும் அடைக்கும். இந்தப் பெட்டி அவ்வளவு எடை இல்லை. ஆனால் ஒரு திரவம் எப்படித் துளையை அடைக்கிறது? அடைத்த பிறகும் ஏன் அதைத் 'தற்காலிகம்' என்கிறார்கள்? எப்போது அதை நம்பவே கூடாது? இந்த மூன்று கேள்விகளுக்கும் விடை தேட, முதலில் பால்மரத்தடிக்குப் போக வேண்டும்.

மரம் தன் காயத்தை மூடும் விதம்

பால்வெட்டு ஏன் விடியற்காலையில் நடக்கிறது? வெயில் ஏறுவதற்கு முன் மரத்தில் நீர் நிறைந்திருக்கும். பட்டைக்குள் ஓடும் நுண்ணிய பால்குழாய்களில் அப்போது அழுத்தம் மிக அதிகம். கார் டயருக்குள் இருப்பதைவிடவும் அதிகம். உளி பட்டையைச் சீவியதும் அந்த அழுத்தம்தான் பாலை வெளியே தள்ளுகிறது. பால் கோடு வழியே வழிந்து மங்கில் சொட்டுகிறது.

ஆனால் நாள் முழுதும் அது வழிவதில்லை. சில மணி நேரத்தில் நின்றுவிடுகிறது. வெட்டிய கோட்டின் மேல் மெல்லிய நாடாபோல ஒரு படலம் படிந்திருக்கும். அதுதான் ஒட்டுப்பால். மறுமுறை வெட்ட வரும்போது முதலில் அதை உரித்தெடுப்பார்கள். மரத்தின் பார்வையில் பால்வெட்டு என்பது ஒரு காயம். அழுத்தம் நிறைந்த குழாயில் விழுந்த அந்தப் பொத்தலைத் தன் பாலைக் கொண்டே மரம் மூடிக்கொள்கிறது.

இது எப்படி நடக்கிறது என்று பார்ப்போம். ரப்பர் பால் ஒரு கரைசல் அல்ல. அது ஒரு கூழ்மம். மரத்திலிருந்து இறக்கிய பாலில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு ரப்பர். மீதியில் பெரும்பகுதி நீர். ரப்பர், கண்ணுக்குத் தெரியாத துகள்களாக நீரில் மிதக்கிறது. அவற்றில் பெரியவையே ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு அளவுதான் இருக்கும். அதைவிடச் சிறியவையும் உண்டு. ஒவ்வொரு துகளையும் ஒரு புரத உறை மூடியிருக்கிறது. அந்த உறையின் மேற்பரப்பில் எதிர்மின்னூட்டம் உள்ளது. ஒரே வகை மின்னூட்டங்கள் ஒன்றையொன்று விலக்கும் அல்லவா? அதனால்தான் துகள்கள் ஒட்டிக்கொள்ளாமல் தனித்தனியே மிதக்கின்றன. பால் பாலாகவே இருக்கிறது.

இந்த விலக்கத்தைக் குலைத்தால் பால் உறையும். அமிலம் சேர்த்தால், அதிலுள்ள ஹைட்ரஜன் அயனிகளின் நேர்மின்னூட்டம் துகள்களின் எதிர்மின்னூட்டத்தைச் சமன்செய்துவிடும். துகள்கள் மோதும், உறை கிழியும், உள்ளிருக்கும் நீண்ட ரப்பர் மூலக்கூறுகள் ஒன்றோடொன்று பின்னிக்கொள்ளும். தோட்டத்து ஸ்டோரில் பாலோடு பார்மிக் அமிலம் கலந்து ரப்பர் தாள் செய்தது இந்த முறையில்தான். மங்கிலேயே விட்டுவைத்த பாலில் பாக்டீரியா வளர்ந்து அமிலத்தை உண்டாக்கும்; அதனால் அது தானே கட்டிப்பாலாகிவிடும்.

மரத்தின் வெட்டுவாயில் இன்னொரு வேலையும் நடக்கிறது. பாலில் லூட்டாய்டு எனப்படும் நுண்பைகளும் மிதக்கின்றன. வெட்டுப்பட்டதும் அழுத்தம் சட்டென்று குறைய, இந்தப் பைகளில் பல உடைகின்றன. அவற்றிலிருந்து வெளிவரும் புரதங்கள் ரப்பர் துகள்களை ஒன்றோடொன்று கட்டிப்போடுகின்றன. குழாயின் வாய் அடைபடுகிறது.

உறையாமல் காக்க வேண்டுமானால் எதிர்வழி: அம்மோனியா. அது ஒரு காரம். பாக்டீரியா உண்டாக்கும் அமிலத்தை நடுநிலையாக்கும். பாக்டீரியாவின் வளர்ச்சியையும் தடுக்கும். அம்மாவின் மூக்குக்கு எட்டிய வாடையில் பாலும் இருந்தது, அம்மோனியாவும் இருந்தது. படிவம் 5 வேதியியலில் பலபடிகள் பற்றிய பாடத்தில் ரப்பர் பால் உறைவதை நீங்கள் படிப்பீர்கள். அந்தப் பாடம்தான் நம் காரின் பின்பெட்டியில் ஒரு குப்பிக்குள் இருக்கிறது.

மரமும் டயரும் சந்தித்த ஆண்டுகள்

பால்மரத்தின் சொந்த ஊர் தென் அமெரிக்காவின் அமேசான் காடு. 1876இல் ஹென்றி விக்கம் பிரேசிலிலிருந்து சுமார் 70,000 விதைகளை லண்டன் கியூ தோட்டத்திற்குக் கொண்டுசென்றார். மறு ஆண்டு 22 கன்றுகள் சிங்கப்பூருக்கு வந்தன. அவற்றில் சில பேராக், கோலகங்சாரில் நடப்பட்டன.

1888ஆம் ஆண்டில் இரண்டு நிகழ்ச்சிகள். அயர்லாந்தின் பெல்ஃபாஸ்ட் நகரில் கால்நடை மருத்துவராக இருந்த ஜான் பாய்ட் டன்லப், காற்றடைத்த டயருக்குக் காப்புரிமை பெற்றார். அவருடைய மகனின் மூன்று சக்கர வண்டி கல்தெருவில் குலுங்காமல் ஓடட்டும் என்று தொடங்கிய முயற்சி அது. அதே ஆண்டு ஹென்றி ரிட்லி சிங்கப்பூர் தாவரவியல் பூங்காவின் பொறுப்பை ஏற்க வந்து சேர்ந்தார். மரத்தைக் கொல்லாமல், ஒரே கோட்டில் பட்டையை மெல்லியதாகச் சீவிச் சீவி மீண்டும் மீண்டும் பால் எடுக்கும் முறையை வளர்த்தவர் அவர்தான். 1896இல் டான் சாய் யான் மலாக்காவில் வணிக நோக்கில் ரப்பர் பயிரிட்டார்.

அதன்பின் கார்கள் பெருகின, டயர்கள் பெருகின, சிலாங்கூரில் தோட்டங்களும் பெருகின. தமிழ்நாட்டிலிருந்து கப்பலேறி வந்தவர்கள் அந்தத் தோட்டங்களில் காண்டா வாளி சுமந்தார்கள். 1901இல் திறக்கப்பட்ட சுவெட்டன்ஹாம் துறைமுகம், அதாவது இன்றைய கிள்ளான் துறைமுகம், நம் ரப்பரை உலகுக்கு அனுப்பியது. 1925இல் ரப்பர் ஆராய்ச்சிக் கழகமும் இங்கு அமைந்தது. நம்மில் பலருடைய பாட்டியும் தாத்தாவும் விடியலில் இறக்கிய பால்தான் உலகத்தின் டயர்களாக ஓடியது.

டயருக்குள் நடப்பது என்ன?

இனி குப்பிக்கு வருவோம். பொதுவாக அதில் மூன்று வகைப் பொருள்கள் இருக்கும். ஒன்று, ரப்பர் பால். இரண்டு, துகள்கள் நன்றாக ஒட்டிக்கொள்ள உதவும் பிசின். மூன்று, கிளைக்கால் எனப்படும் திரவம். இது குளிர்நாடுகளில் கலவை உறைபனியாகாமலும் எளிதில் காய்ந்துபோகாமலும் காக்கிறது. சில வகைகளில் நுண்ணிய இழைகளும் சேர்ந்திருக்கும். எல்லாக் குப்பிகளிலும் இயற்கை ரப்பர் பால்தான் இருக்கும் என்பதில்லை. செயற்கை ரப்பர் பாலைக் கொண்டு செய்தவையும், இழைகளை நம்பிச் செய்தவையும் உண்டு. ஆனால் எல்லாவற்றிற்கும் அடிப்படை ஒன்றே: சும்மா இருக்கும்போது திரவமாகவே இருக்க வேண்டும், துளையின் வாயில் மட்டும் திடமாக மாற வேண்டும்.

அது துளையை எப்படிக் கண்டுபிடிக்கிறது? அதற்குக் கண்ணில்லை. டயருக்குள் இருக்கும் காற்று எங்கே தப்பிக்கிறதோ அங்கே திரவத்தையும் சேர்த்துத் தள்ளுகிறது. அவ்வளவுதான். ஒரு குறுகிய துளைக்குள் திரவம் அழுத்தத்தோடு பாயும்போது துகள்கள் நெருக்கியடிக்கப்படுகின்றன. அந்த நெருக்குதலில் மின்னூட்டத்தின் விலக்கம் தோற்றுப்போகிறது. கூடவே, வெளியேறும் காற்று நீரை ஆவியாக்குகிறது. நீர் குறையக் குறையத் துகள்கள் இன்னும் நெருங்குகின்றன, பின்னிக்கொள்கின்றன. பிசின் அவற்றைத் துளையின் சுவரோடு ஒட்டுகிறது. சிறிது நேரத்தில் துளைக்குள் ஓர் ஒட்டுப்பால் அடைப்பு தயார்.

திரவத்தை ஏற்றியவுடனே காரை ஓட்டச் சொல்வது ஏன் என்று இப்போது புரிந்திருக்கும். நின்றிருக்கும் காரில் திரவம் டயரின் அடிப்பகுதியில் தேங்கிக் கிடக்கும். துளை மேற்பக்கம் இருந்தால் திரவம் அங்கே எட்டாது. சக்கரம் சுழன்றால்தான் திரவம் டயரின் உட்புறம் முழுதும் பரவும். ஒவ்வொரு சுற்றிலும் துளையைக் கடந்துபோகும்.

எவ்வளவு பெரிய துளையை அடைக்கலாம்?

ஒரு சிறு கணக்குப் போடுவோம். டயருக்குள் 220 கிலோபாஸ்கல் அழுத்தம் இருப்பதாக வைத்துக்கொள்வோம். படிவம் 4 இயற்பியல் மாணவர்களுக்கு நன்கு தெரிந்த சூத்திரம்: விசை = அழுத்தம் × பரப்பளவு.

4 மில்லிமீட்டர் விட்டமுள்ள துளையின் பரப்பளவு சுமார் 12.6 சதுர மில்லிமீட்டர். காற்று அதன் அடைப்பின் மேல் செலுத்தும் விசை ஏறத்தாழ 2.8 நியூட்டன். இது சுமார் 280 கிராம் எடையைத் தாங்குவது போல.

துளையின் விட்டம் 6 மில்லிமீட்டர் என்றால் விசை 6.2 நியூட்டன், அதாவது 630 கிராம் எடை.

12 மில்லிமீட்டர் என்றால் கிட்டத்தட்ட 25 நியூட்டன், இரண்டரைக் கிலோ.

விட்டம் மும்மடங்கானால் விசை ஒன்பது மடங்காகிறது. ஆனால் அடைப்பு பிடித்துக்கொள்ளும் இடம் துளையின் விளிம்புதான். அந்த விளிம்பு மும்மடங்குதான் நீள்கிறது. ஆகவே துளை பெரிதாகப் பெரிதாக விளிம்பின் ஒவ்வொரு மில்லிமீட்டரும் தாங்க வேண்டிய சுமை கூடிக்கொண்டே போகிறது. பெரும்பாலான கையேடுகள் 4 மில்லிமீட்டர், சில 6 மில்லிமீட்டர் என்று எல்லை வகுப்பதன் காரணம் இதுவே. ஆணி, திருகாணி போன்றவை போட்ட துளைகள் இந்த எல்லைக்குள் அடங்கும். இரும்புத் தகடு கிழித்த கிழிசல் அடங்காது.

ஏறியிருக்கும் ஆணியைப் பிடுங்காதீர்கள் என்று கையேடுகள் சொல்வதும் இதனால்தான். ஆணியே துளையின் பெரும்பகுதியை அடைத்துக்கொண்டிருக்கிறது. திரவம் அடைக்க வேண்டியது அதைச் சுற்றியுள்ள சிறிய இடைவெளியை மட்டுமே. எனக்கும் அந்தத் திருகாணியைப் பிடுங்கிப் போடத்தான் கை துறுதுறுத்தது. கையேட்டைப் படித்தபின் விட்டுவிட்டேன்.

ஏன் தற்காலிகம்? ஏன் 80?

டயரும் ரப்பர்தான்; அடைப்பும் ரப்பர்தான். அப்படியிருக்க ஏன் அந்த அடைப்பை நிரந்தரமாக நம்பக் கூடாது?

வெறும் ரப்பர் வேறு. டயரின் ரப்பர் வேறு. வெறும் ரப்பர் வெயிலில் பிசுபிசுக்கும், குளிரில் விறைக்கும், இழுத்துவிட்டால் முழுமையாகப் பழைய நிலைக்குத் திரும்பாது. அதன் நீண்ட மூலக்கூறுகள், தட்டில் கிடக்கும் மீபோல, ஒன்றின்மேல் ஒன்று வழுக்கிக்கொண்டு கிடக்கின்றன. 1839இல் அமெரிக்கரான சார்ல்ஸ் குட்இயர், ரப்பரோடு கந்தகம் சேர்த்துச் சூடாக்கினால் அது உறுதியாவதைக் கண்டார். கந்தக அணுக்கள் மூலக்கூறுகளுக்கு இடையே பாலங்கள் கட்டுகின்றன. வல்கனைசேஷன் எனப்படும் இந்த முறைக்குப் பிறகே ரப்பர் வலுப்பெற்றது. டயரின் ரப்பரில் இந்தப் பாலங்கள் உண்டு. அதற்குள் எஃகுக் கம்பிகளும் துணி இழைகளும் புதைந்திருக்கின்றன. குப்பியிலிருந்து வந்த அடைப்பிலோ பாலங்கள் இல்லை. சற்றுமுன் உறைந்த பால் மட்டுமே அது. சூட்டில் இளகும், இழுபட்டால் நகரும்.

சூட்டுக்கும் இழுபாட்டுக்கும் டயரில் குறைவில்லை. ஒரு சாதாரணக் கார் டயரின் சுற்றளவு சுமார் 1.9 மீட்டர். மணிக்கு 80 கிலோமீட்டர் என்றால் வினாடிக்கு 22 மீட்டர். அதாவது வினாடிக்குப் பதினொன்றுக்கும் மேற்பட்ட சுற்றுகள். ஒவ்வொரு சுற்றிலும் துளையுள்ள இடம் ஒருமுறை தரையில் படிந்து நசுங்கி நிமிர்கிறது. பிரிக்பீல்ட்ஸிலிருந்து கிள்ளானுக்கு ஏறக்குறைய 30 கிலோமீட்டர் என்று வைத்தால், கிட்டத்தட்ட 16,000 முறை அந்த அடைப்பு நசுங்கி நிமிர வேண்டும்.

வேகம் கூடினால் இன்னொரு சிக்கலும் கூடும். வட்டப் பாதையில் சுழலும் பொருளுக்குத் தேவையான மையநோக்கு முடுக்கம், வேகத்தின் வர்க்கத்தைச் சார்ந்தது. 80இலிருந்து 110க்கு ஏறினால் வேகம் ஏறத்தாழ 1.4 மடங்குதான், ஆனால் முடுக்கம் ஏறத்தாழ இரு மடங்கு. டயருக்குள் இன்னும் உறையாமல் கிடக்கும் திரவம் ஒரு பக்கமாகச் சேர்ந்தால் சக்கரம் சமநிலை இழந்து அதிரும். வேகம் கூடக் கூட அந்த அதிர்வும் வலுக்கும், டயரும் சூடேறும். '80' என்ற ஒட்டுவில்லையை ஓட்டுநரின் கண்ணில் படும் இடத்தில் ஒட்டச் சொல்வது இதற்காகத்தான். நெடுஞ்சாலையில் கைப்பழக்கம் நம்மை அறியாமலே காலை அழுத்திவிடும்.

எப்போது தொடவே கூடாது?

முதலாவது, டயரின் பக்கச்சுவரில் ஓட்டை அல்லது வெட்டு. தரையில் படும் பகுதியில் எஃகுக் கம்பிப் பட்டைகள் உள்ளதால் அது விறைப்பாக இருக்கும். பக்கச்சுவர் அப்படியல்ல, அது ஒவ்வொரு சுற்றிலும் வளைந்து நிமிர்வதற்காகவே மெல்லியதாகச் செய்யப்பட்டது. அங்கே உறைந்த பால் அடைப்பு நிற்காது. பக்கச்சுவர் கிழிந்த டயரை மாற்றத்தான் வேண்டும்.

இரண்டாவது, காற்று இறங்கிய பின்னும் சிறிது தூரம் ஓட்டிய டயர். காற்றில்லாத டயரின் பக்கச்சுவர் மடங்கி மடங்கி உள்ளே அரைபட்டிருக்கும். வெளியே பார்த்தால் தெரியாமலும் இருக்கலாம். துளை அடைபட்டாலும் சுவர் பிளக்கக்கூடும். அது நெடுஞ்சாலை வேகத்தில் நடந்தால் கார் கட்டுப்பாட்டை இழக்கும்.

மூன்றாவது, ரிம் வளைந்திருந்தால், டயர் ரிம்மை விட்டு விலகியிருந்தால், அல்லது ஒரே டயரில் பல துளைகள் இருந்தால்.

நான்காவது, மோட்டார்சைக்கிள். உங்களில் சிலர் இப்போதே உரிமம் எடுத்திருப்பீர்கள். காருக்கான குப்பியை மோட்டார்சைக்கிளில் ஏற்றாதீர்கள். பல மோட்டார்சைக்கிள்களின் டயருக்குள் டியூப் இருக்கிறது. இந்தக் குப்பி டியூப் இல்லாத கார் டயருக்காக அளந்து செய்தது. அதோடு, நான்கு சக்கரத்தில் ஒன்று போனால் கார் இழுக்கும். இரண்டில் ஒன்று போனால் மோட்டார்சைக்கிள் விழும்.

இவற்றில் ஏதேனும் ஒன்று என்றால் இழுவை வண்டியை அழைப்பதே வழி.

படிப்படியாக

1. எல்லாவற்றிற்கும் முன், நிற்கும் இடம். முடிந்தால் பெட்ரோல் நிலையம் அல்லது ஓய்விடம் வரை மெதுவாகச் செல்லுங்கள். நெடுஞ்சாலையின் அவசரப் பாதை டயர் பழுதுபார்க்கும் இடமல்ல. அங்கேதான் நின்றாக வேண்டும் என்றால், அபாய விளக்கைப் போட்டு, எல்லாரும் காரை விட்டு இறங்கித் தடுப்புக்கு அப்பால் நின்றுகொண்டு, நெடுஞ்சாலை உதவியை அழைக்க வேண்டும். லாரிகள் உரசிப்போகும் பக்கத்தில் குந்தியிருந்து குப்பியைப் பொருத்துவது, ஒரு டயருக்காக உயிரைப் பணயம் வைப்பதாகும்.

2. டயரைப் பாருங்கள். துளை எங்கே, எவ்வளவு? மேலே சொன்ன நான்கில் எதுவும் இல்லையே?

3. குப்பியின் காலாவதி தேதியைப் பாருங்கள். நன்றாகக் குலுக்குங்கள். அந்தந்தக் காரின் கையேட்டில் உள்ளபடி குழாயை டயரின் வால்வில் பொருத்துங்கள். திரவம் கண்ணில் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள். ரப்பர் பால் ஒவ்வாமை உள்ளவர்கள் தொடவே வேண்டாம். கிளைக்காலில் நச்சுத்தன்மை கொண்ட வகை உண்டு. குழந்தைகளுக்கு எட்டாமல் வையுங்கள்.

4. காற்றழுத்தியைக் காரின் 12 வோல்ட் இணைப்பில் செருகுங்கள். அது நூறு வாட்டுக்கு மேல் இழுக்கக்கூடும். 120 வாட் என்றால் 10 ஆம்பியர். பேட்டரி இறங்காதிருக்க, பெட்ரோல் காராக இருந்தால் எஞ்சின் ஓடட்டும். ஆனால் மூடிய கொட்டகைக்குள் எஞ்சினை ஓட விடக்கூடாது.

5. அழுத்தமானி முதலில் மிக உயர்ந்து பிறகு சட்டென்று இறங்கினால் பயப்படாதீர்கள். குறுகிய வால்வு வழியே கெட்டியான திரவம் நுழையும்போது அப்படித்தான் காட்டும். திரவம் உள்ளே போனபின் தெரிவதே டயரின் உண்மையான அழுத்தம்.

6. பத்து நிமிடத்துக்குள் கையேடு சொல்லும் அழுத்தம் வராவிட்டால் நிறுத்திவிடுங்கள். காற்றழுத்தி மிகவும் சூடாகிவிடும். துளை பெரிது என்பதே அதன் பொருளாக இருக்கலாம்.

7. அழுத்தம் வந்துவிட்டால் உடனே புறப்பட்டு, 80க்கு மேற்படாமல் பத்து நிமிடம்போல் ஓட்டி, மறுபடி நிறுத்தி அளந்து பாருங்கள். பல கையேடுகள் 130 கிலோபாஸ்கலை எல்லையாகச் சொல்கின்றன. அதற்குக் கீழே இறங்கியிருந்தால் அடைப்பு பிடிக்கவில்லை. அதற்குமேல் ஓட்டக் கூடாது. அதற்கு மேலிருந்தால் காற்றை நிரப்பிக்கொண்டு நேரே டயர் கடைக்குச் செல்லுங்கள்.

8. கடைக்காரரிடம் 'உள்ளே திரவம் ஏற்றியிருக்கிறோம்' என்று மறக்காமல் சொல்லுங்கள். டயரைக் கழற்றும்போது அவர் மேல் கொட்டக்கூடும். அழுத்தத்தை அளக்கும் உணர்கருவி உள்ளே இருந்தால் அதையும் துடைத்துச் சரிபார்க்க வேண்டும். அவர் டயரைக் கழற்றி உட்புறத்தைப் பார்த்து, ஒட்டுப் போடலாமா, மாற்ற வேண்டுமா என்று முடிவு செய்வார்.

நாங்கள் அன்று பத்து நிமிடம் ஓட்டி நிறுத்தியபோது அழுத்தம் அதிகம் இறங்கவில்லை. இருந்தும் கிள்ளான் வரை 70ஐத் தாண்டாமல்தான் வந்தேன். பின்னால் வந்தவர்கள் ஹார்ன் அடித்தார்கள். அடிக்கட்டும் என்று இடப்பாதையிலேயே வந்து டயர் கடையில் நிறுத்தினோம்.

கடைக்காரர் டயரைக் கழற்றித் திருகாணியைப் பிடுங்கியதும் அதன் நுனியில் வெள்ளையாக ஏதோ ஒட்டிக்கொண்டு நூலாக நீண்டது. அம்மா அதை விரலில் சுற்றிப் பார்த்துவிட்டு, "ஒட்டுப்பாலேதான்" என்றார்.

பின்பெட்டியைத் திறந்து பாருங்கள்

ரப்பர் பால் குப்பிக்குள்ளும் சும்மா இருப்பதில்லை. நாளாக ஆகத் துகள்கள் மெல்ல ஒட்டிக்கொள்ளத் தொடங்கும். நம் நாட்டு வெயிலில் நிறுத்திய காரின் உள்ளே 50 பாகை செல்சியஸுக்கு மேலும் சூடேறும். சூடு இந்த மாற்றத்தை விரைவுபடுத்தும். அதனால்தான் ஒவ்வொரு குப்பிக்கும் சில ஆண்டுகளே ஆயுள். காலாவதியான குப்பி தேவைப்படும் நேரத்தில் கட்டிப்பாலாகி, வால்வையே அடைத்துக்கொண்டு நிற்கலாம்.

ஆகவே இன்று மாலை வீட்டில் ஒரு வேலை செய்யுங்கள். அப்பா அம்மாவிடம் கேட்டுக் காரின் பின்பெட்டியைத் திறந்து பாருங்கள். மாற்று டயர் இருக்கிறதா, குப்பி இருக்கிறதா? மாற்று டயர் என்றால் அதில் காற்று இருக்கிறதா? குப்பி என்றால் தேதி என்ன? பல வீடுகளில் இதை யாருமே பார்த்திருக்க மாட்டார்கள். நானும் அந்தச் சனிக்கிழமை வரை பார்க்கவில்லை. என் குப்பிக்கு ஐந்து மாதம் மிச்சமிருந்தது. அது என் அதிர்ஷ்டம்தான்.

செய்து பாருங்கள்

தேவையானவை: இரண்டு பிளாஸ்டிக் போத்தல்கள், ஒரு குண்டூசி, டிஷ்யூ தாள், தண்ணீர்.

இரு போத்தல்களின் அடிப்பக்கத்திலும் ஒரே அளவில் ஒரு துளையிடுங்கள். ஒன்றில் வெறும் தண்ணீர் ஊற்றுங்கள். டிஷ்யூ தாளைத் தண்ணீரில் நன்றாகக் கசக்கிக் கூழாக்கி மற்றதில் ஊற்றிக் குலுக்குங்கள். இரண்டும் ஒழுகும் வேகத்தைக் கவனியுங்கள். இழைகள் துளையின் வாயில் குறுக்கும் நெடுக்குமாகச் சிக்கி ஒழுக்கைக் குறைப்பதைக் காணலாம். அடுத்து, துளையைச் சற்றுப் பெரிதாக்கிப் பாருங்கள். எந்த அளவுக்குமேல் கூழால் அடைக்க முடியவில்லை என்பதை அளந்து குறித்துக்கொள்ளுங்கள்.

சிந்தித்துப் பாருங்கள்

1. ரப்பர் பால் உள்ள குப்பியில் யாராவது எலுமிச்சைச் சாற்றைக் கலந்தால் என்ன ஆகும்? ஏன்?

2. டயரில் அழுத்தம் 220 கிலோபாஸ்கல். 5 மில்லிமீட்டர் விட்டமுள்ள துளையின் அடைப்பு எவ்வளவு விசையைத் தாங்க வேண்டும்?

3. மழை பெய்யும் காலையில் தோட்டங்களில் பால் வெட்ட மாட்டார்கள். ஏன்? வீட்டில் தோட்டத்தில் வேலை செய்த பெரியவர் இருந்தால் இந்தக் கேள்வியை அவரிடமே கேளுங்கள். அவர் சொல்வதைக் குறித்துக்கொண்டு வந்து வகுப்பில் பேசுங்கள்.